கவுண்டி: சொல்லும் சீமையும்

‘கவுண்டி அணிக்காக அஸ்வின்’, ‘கவுண்டி போட்டியில் சாய் சுதர்சன்’ என்று விளையாட்டுப் பக்கத்தில் அடிக்கடி படிக்கிறோம். அஸ்வின் வூஸ்டர்ஷயருக்கும் நாட்டிங்ஹம்ஷயருக்கும் சர்ரேவுக்கும் ஆடியிருக்கிறார். அவருக்கு வெகுகாலம் முன்பே, 1973-இல், சென்னை வெங்கட்ராகவன் டெர்பிஷயருக்கு ஆடப் போனார். இவையெல்லாம் இங்கிலாந்தின் நிலப்பகுதிகள், அவற்றின் பெயரில் ஆடும் கிரிக்கெட் அணிகள்தான் கவுண்டி அணிகள். சரி, இந்தக் கவுண்டி என்பது என்ன? அகராதிகள் ‘மாவட்டம்’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன. அது எனக்குப் போதவில்லை.

வேரிலிருந்து பார்ப்போம். லத்தீனில் ‘கோமெஸ்’ என்றால் கூடவே போகிறவன், அதாவது உடன் செல்லும் துணைவன். அரசனுக்குத் துணையாகப் போனவன் நாளடைவில் பிரபு ஆனான். அந்தப் பிரபுவின் ஆளுகை ‘கோமிட்டாட்டஸ்’. அதுவே பிரெஞ்சில் தேய்ந்து ‘கவுண்டே’ போன்ற ஒலிக்கு வந்தது. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் இந்தச் சொல்லைக் கையோடு கொண்டுவந்தார்கள். அங்கே ஏற்கெனவே ‘ஷயர்’ என்ற பழைய ஆங்கிலச் சொல் இருந்தது. யார்க்ஷயர், ஹாம்ப்ஷயர் என்ற பெயர்களின் வாலில் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். எல்லாக் கவுண்டிக்கும் அந்த வால் கிடையாது. கென்ட், எசெக்ஸ், சசெக்ஸ் மூன்றும் ஒரு காலத்தில் தனித்தனி அரசுகள். எசெக்ஸ் என்றால் கிழக்குச் சாக்சன்களின் நாடு, சசெக்ஸ் என்றால் தெற்குச் சாக்சன்களின் நாடு.

ஆக, கவுண்டி என்பது கலெக்டர் அலுவலகம் வைத்துப் பிரித்த நிலம் மட்டும் அல்ல. மிடில்செக்ஸைப் பாருங்கள். 1965-இல் அதன் நிர்வாக மன்றத்தைக் கலைத்து, பெரும்பகுதியை லண்டனோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் மிடில்செக்ஸ் அணி இன்றுவரை லார்ட்ஸ் மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. யார்க்ஷயர் இன்னும் ஒரு படி மேலே போனது. தன் பழைய எல்லைக்குள் பிறந்தவரைத்தான் அணியில் சேர்ப்போம் என்று பல காலம் பிடிவாதமாக இருந்தது. 1992-இல் சச்சின் டெண்டுல்கர்தான் அந்த அணிக்கு ஆடிய முதல் வெளிநாட்டு வீரர். மாவட்ட எல்லைக்காக யாரும் இப்படி மல்லுக்கட்டுவதில்லை. இது மண் மீதுள்ள பிடிப்பு.

தமிழில் இதற்கு நெருக்கமான சொல் எது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ‘கோட்டம்’ பழைய சொல்தான். தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். ஆனால் இன்று அதைக் கேட்டால் ரயில்வேயும் மின்வாரியமும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘நாடு’ சோழர் காலத்துக்கு மிகச் சரியாக இருந்திருக்கும். இப்போது அது தேசம் என்றே பொருள்படும்.

‘சீமை’தான் பொருந்துகிறது. எல்லை என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்து, ஒரு தலைவனின் ஆட்சிக்கு உட்பட்ட நிலத்துக்குப் பெயரானது. சிவகங்கைச் சீமை, ராமநாதபுரம் சீமை என்கிறோமே, அதேதான். ஜமீன்கள் ஒழிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, மாவட்டங்கள் பிரிந்து பெயர் மாறிவிட்டன, ஆனாலும் ‘எங்க சீமையில’ என்று பேச்சைத் தொடங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரபுவின் நிலம், பதிவேட்டில் எல்லை மாறினாலும் மனதில் மாறாத நிலம் என்று இரண்டு பொருளும் கவுண்டிக்கும் சீமைக்கும் ஒன்றாகவே அமைகின்றன.

ஒரு சிக்கல் உண்டு. சீமை என்று தனியாகச் சொன்னால் நமக்கு இங்கிலாந்தோ வெளிநாடோதான் தோன்றும். சீமை எண்ணெய், சீமைச் சுண்ணாம்பு, சீமைக் கருவேலம் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். அதனால் ஊர்ப்பெயரோடு சேர்த்தே எழுத வேண்டும்: கென்ட் சீமை, ஹாம்ப்ஷயர் சீமை அணி. அப்புறம், அமெரிக்கக் கவுண்டிக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே அது நீதிமன்றமும் வரியும் பதிவேடும் சார்ந்த நிர்வாகப் பிரிவு, மாவட்டம் என்பதே சரி. இங்கிலாந்தின் கவுண்டி அணிகளுக்குள் 1890 முதல் முறைப்படி நடக்கும் கிரிக்கெட் தொடரின் பெயரையும் ‘கவுண்டி சாம்பியன்ஷிப்’ என்றே விட்டுவிடலாம். பெயர் பெயராக இருக்கட்டும், விளக்கம் தமிழில் வரட்டும்.

கூடவே வரும் இன்னொரு சொல் ‘தொழில்முறை வீரர்’. இங்கிலாந்தில் 1962 வரை கிரிக்கெட் ஆடுகிறவர்கள் இரண்டு சாதி. காசு வாங்காமல் ஆடுகிறவர் ‘ஜென்டில்மேன்’, கூலி வாங்கி ஆடுகிறவர் வெறும் ‘பிளேயர்’. ஸ்கோர் அட்டையிலேயே இது தெரியும். ஜென்டில்மேனுக்குத் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் வரும், தொழில்முறைக்காரருக்குப் பின்னால் வரும். லார்ட்ஸில் ஒருமுறை தொழில்முறை வீரரான பிரெட் டிட்மஸின் தலைப்பெழுத்துகள் அட்டையில் முன்னால் அச்சாகிவிட, அவற்றைப் பின்னால் மாற்றிப் படிக்கும்படி ஒலிபெருக்கியில் திருத்தம் சொன்னார்கள். இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

இந்த இரண்டு சொற்களும் சேர்ந்து ஒருவர் மீது எவ்வளவு குறைந்த நேரத்துக்கு ஒட்டியிருக்க முடியும் என்பதற்கு பிரெட் ஹைலண்ட் இருக்கிறார். 1924-இல் ஹாம்ப்ஷயர் அணி அவரைத் தொழில்முறை வீரராக நார்தாம்ப்டனுக்கு அழைத்துப் போனது. நார்தாம்ப்டன்ஷயர்தான் முதலில் மட்டை பிடித்தது. ஆட்டம் நடந்ததே இரண்டு ஓவர். பன்னிரண்டு பந்தில் ஒரே ஒரு ரன், விக்கெட் இல்லை. மீதி எல்லாம் மழை. ஹைலண்டுக்கு மட்டை பிடிக்கும் முறை வரவே இல்லை, அதற்குப் பிறகு அணியில் இடமும் கிடைக்கவில்லை. பல ஆட்டம் ஆடித் தன்னை நிலைநாட்டியவருக்குச் சீமை அணி ஒரு தொப்பி கொடுத்துக் கௌரவிக்கும். அதெல்லாம் அவருக்கு எட்டாத தூரம்.

பிறகு செஷயர் பக்கம் போய் நாற்றங்கால் நடத்தி, அந்தத் தொழிலில் நல்ல பெயர் எடுத்தார். 1964-இல், எழுபது வயதில் இறந்தபோது, விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டு மலர் அவருக்கும் இரங்கல் குறிப்பு போட்டது. அதை நம் மொழியில் எழுதினால் முதல் வரி இப்படி வரும்: ஹாம்ப்ஷயர் சீமைக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடிய தொழில்முறை வீரர்.