இருவகைச் சான்று: சொல் விளக்கம்

பூம்பாறையில் சித்தி வீட்டில் வைஃபை உண்டு, டவர்தான் கிடைக்காது. ஆன்லைனில் பொருள் வாங்கும் கணக்கு ஓடிபி கேட்டால், போனோடு பூண்டு வயல் மேட்டுக்கு ஏறுவார். வீடு திரும்புவதற்குள் அந்த எண் காலாவதியாகிவிடும். "எதுக்குப்பா இந்த ரெண்டாவது பூட்டு?" என்று கேட்டார்.

கடவுச்சொல்லோடு இப்படி இன்னொரு சான்றும் கேட்பதுதான் 'டூ ஃபாக்டர் ஆதென்டிகேஷன்'. அதைப் பலர் 'இரு காரணி அங்கீகாரம்' என்று எழுதுகிறார்கள். அங்கீகாரம் இங்கே பொருந்தாது. பள்ளிக்கு அரசு தருவது அங்கீகாரம், அதாவது ஏற்பு. இது அதற்கு முந்தைய வேலை: வந்திருப்பவர் அவரேதானா என்று பார்ப்பது. 'ஆதென்டிகோஸ்' என்ற கிரேக்கச் சொல்தான் இதன் வேர். தன் கையால் செய்பவர் என்ற பொருளுள்ள 'ஆதென்டெஸ்' என்பதிலிருந்து பிறந்து, அசலானது என்ற பொருளுக்கு வந்தது.

'ஃபாக்டர்' லத்தீன் மொழியில் செய்பவர். நம் கணக்குப் பாடத்தில் காரணி. இந்தத் துறையிலோ அது சான்றின் வகை. மனதில் இருப்பது கடவுச்சொல், கையில் இருப்பது போன், உடம்பில் இருப்பது விரல்ரேகை. பத்திரத்தில் வைக்கும் கைநாட்டு இந்த மூன்றாம் வகைதான்.

இரண்டு சான்றும் வேறு வேறு வகையாக இருக்க வேண்டும். கடவுச்சொல்லுக்குப் பிறகு 'அம்மா பிறந்த ஊர் எது?' என்று கேட்டால் படி இரண்டு, வகை ஒன்றே. இரண்டுமே மனதில் இருப்பவை. அதுவும் மலைக்கிராமத்தில் ஒருவருடைய அம்மா எந்த ஊர் என்பது யாருக்குத் தெரியாது? அதனால் 'இருபடிச் சரிபார்ப்பு' என்பதும் எனக்கு நிறைவாக இல்லை. 'இருவகைச் சான்று' என்பேன். வருமானச் சான்றுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறியவர்களுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை.

சரி, சித்தியின் சிக்கல். கணக்கின் பாதுகாப்பு அமைப்பில் குறுஞ்செய்திக்குப் பதிலாக ஓடிபி செயலியைத் தேர்ந்தெடுத்து, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தோம். அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. செயலி அதையும் கடிகார நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, 30 நொடிக்கு ஒருமுறை புதிய 6 இலக்க எண் தருகிறது. இந்த முறைக்கான பொதுத் தரம் 2011-ல் வெளியானது. டவர் வேண்டாம், போனில் மணி சரியாக இருந்தால் போதும். போன் தொலைந்தால் என்ன செய்வது என்று சித்தி கேட்டார். அதற்குச் சித்தப்பாவின் போன் எண்ணை மாற்று வழியாகச் சேர்த்து வைத்திருக்கிறோம்.