கான்பிடென்ஷியல்: இரகசியம் என்று சொன்னால் போதுமா?

கொழும்பில் ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்குத் தரவு பதியும் வேலை செய்கிற என் சித்தப்பா மகள், லீவில் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையக ஊரான ஹட்டனுக்கு வந்திருந்தாள். அந்தக் கம்பனிக்கு எந்த நாட்டில் இருந்து வேலை செய்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை கான்பிடென்ஷியல் தகவலைக் காப்பது பற்றிய ஒரு பயிற்சியை முடிக்க வேண்டுமாம். அதை லெப்டொப்பில் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணே, கான்பிடென்ஷியல்னா இரகசியம்தானே? நாங்க அப்படி என்னத்த ஒளிக்கிறோம்?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இரகசியம் என்றதும் ஒளிப்பதுதான் மனதுக்கு வரும். ஆனால் கான்பிடென்ஷியல் என்ற சொல்லின் வேரில் ஒளிப்பது இல்லை. இலத்தீனில் 'பீதெரே' என்றால் நம்புதல். முன்னால் வருகிற 'கொன்' அதற்கு அழுத்தம் கொடுக்கிறது. ஆக, 'கொன்பீதெரே' என்றால் முழுதாக நம்புதல். தன்னம்பிக்கையைக் குறிக்க நாம் சொல்லும் 'கான்பிடென்ஸ்' இதே வேரில் வந்ததுதான். ஒருவர் உங்களை நம்பி ஒப்படைத்த விஷயம் எதுவோ அது கான்பிடென்ஷியல். 'சீக்ரெட்' வேறு குடும்பம். பிரித்து ஒதுக்கி வைப்பது என்ற பொருளுள்ள 'செகெர்னெரே' அதன் தாய்.

நம் இரகசியம் வடமொழி 'ரஹஸ்' என்பதிலிருந்து வந்தது. தனிமை, ஆளில்லாத இடம் என்று பொருள். அப்படி ஓர் இடம் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கே இருக்கிறது? நான் பிறந்த லயத்தில் காம்பரா என்கிற அறைகளுக்கு நடுவில் இருந்த சுவர் கூரை வரை எழும்பியிருக்கவில்லை. மேலே ஒரு முழத்துக்கு வெறும் இடைவெளி. பக்கத்துக் காம்பராவில் நெருப்புக்குச்சி கிழித்தால் எங்கள் தகரத்தில் வெளிச்சம் ஆடும். யாருக்குச் சுகமில்லை, யார் தோட்டை அடகு வைத்தார்கள், எல்லாமே காதில் விழும். ஆனால் விடிந்ததும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். யாராவது வாயைக் கிளறினால், "எனக்கென்ன தெரியும்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார். ஒளிக்க இடமே இல்லாத ஊரில் அவர் காத்தது எதுவோ, அந்தப் பயிற்சி அதைத்தான் கேட்கிறது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பழைய சொல் 'மறை'. "அறைபறை அன்னர் கயவர்தாம் கேட்ட மறைபிறர்க்கு உய்த்துரைக்க லான்" என்பது 1076ஆம் குறள். தான் கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சொல்கிறவன், அடிக்கப்படும் பறை மாதிரி. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடித்து ஆள் கூப்பிட்ட மலையகத்தில் இந்த உவமைக்கு உரை தேவையில்லை. ஆனால் மறை என்றால் வேதம் என்றும் பொருள் உண்டு. தனியாக எழுதினால் குழம்பும். 'கமுக்கம்' நல்ல சொல்தான், ஆனால் பேச்சில் "கமுக்கமா இருக்கான்" என்றால் கள்ளத்தனம் ஒட்டிக்கொள்கிறது. தமிழ்நாட்டு ஆட்சித் தமிழில் 'மந்தணம்' உண்டு. இங்கே அதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. 'அந்தரங்கம்' நோய், குடும்பம் போன்ற சொந்த விஷயங்களுக்குப் பொருந்தும். ஒரு கம்பனியின் விலைப்பட்டியலை அந்தரங்கம் என்று சொல்ல நாக்கு கூசும்.

எனக்குப் பிடித்தது 'காப்பு'. தமிழ்நாட்டில் அமைச்சர்கள் பதவி ஏற்கும்போது இரகசியக் காப்புப் பிரமாணம் எடுக்கிறார்கள். அந்தச் சொல்லில் செய்ய வேண்டிய வேலை தெரிகிறது. அதனால் கடமையைக் குறிக்க 'மறைகாப்பு' என்றும், தகவலைக் குறிக்க 'நம்பி ஒப்படைத்த தகவல்' என்றும் சொல்லலாம் என்பேன். இரண்டாவது நீளம்தான். ஆனால் இலத்தீன் வேர் அப்படியே அதில் இருக்கிறது.

பயிற்சியில் வருவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வேலைக்குத் தேவைப்படும் ஆள் மட்டும் பார்க்க வேண்டும், எழும்பிப் போகும்போது திரையைப் பூட்ட வேண்டும், அனுப்புமுன் முகவரியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், பஸ்ஸில் வேலைக் கதை பேசக் கூடாது. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியை மீறினால் தண்டம் 2 கோடி யூரோ வரை, அல்லது உலகளாவிய ஆண்டு வருமானத்தில் 4 வீதம் வரை, எது கூடவோ அது. எங்கோ இருக்கிற கம்பனியும் ஹட்டன் பிள்ளையை உட்காரவைத்துப் படிப்பிக்க அதுவும் ஒரு காரணம். இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

எனக்கு இந்தச் சொல் மேல் இவ்வளவு அக்கறை வந்ததற்கு ஒரு கடிதம் காரணம். எங்கள் தபால் தோட்ட ஆபிஸுக்கு வந்துதான் லயத்துக்கு வரும். ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்கு வந்த கடிதம் பிரித்தபடி வந்தது. அவள் அதைக் கையில் வாங்குவதற்கு முன்பே கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அவளுடைய நோயின் பெயர் தெரிந்திருந்தது. நிறுவைக்கு நின்ற வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு நின்றார்கள். உறை மேல் ஆங்கிலத்தில் கான்பிடென்ஷியல் என்று முத்திரை இருந்தது. பிரித்தவருக்கு அது வாசிக்கத் தெரியும்.

இதே சொல்லைத் தலைகீழாகவும் கேட்டிருக்கிறேன். ஒரு பெரியம்மா, தன் பேரில் ஓய்வுக்காலத்துக்கான சேமலாப நிதி எவ்வளவு கட்டியிருக்கிறது என்று கேட்கப் போனார். "அதெல்லாம் கான்பிடென்ஷியல்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது பிழை. அந்தக் கணக்கு அவருடையது. ஒப்படைத்தவரிடமிருந்தே ஒன்றை ஒளித்தால் அது மறைப்பு; மறைகாப்பு ஆகாது.

தங்கச்சி கொப்பியில் இரண்டு சொல்லையும் எழுதிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "தோட்ட ஆபிஸ்காரங்களுக்கும் இந்தப் பயிற்சி இருக்காண்ணே?" எங்கள் தோட்டத்தில் அப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை. நடத்துவார்கள் என்றால், தமிழில் எழுதிக் கொடுக்க நான் தயார்.