ரிப்பேர் முடிந்த பிறகும் அணையாத செக் இன்ஜின் விளக்கு

ஹெட் கேஸ்கெட் மாற்றி வெளியே போன லாரி ஒன்று மூன்றாம் நாள் என்னிடம் வந்தது. வேலை பார்த்தது வேறொரு பட்டறை. செக் இன்ஜின் விளக்கு அணையவே இல்லை, இழுவையும் இல்லை, மேடு வந்தால் வண்டி திணறியது. ஓட்டுநர் கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் பூஸ்ட் பிரஷர் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்), ஆயில் பிரஷர், டீசல் பிரஷர் என்று மூன்று கோடு, அதாவது ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்களின் பெயர், எழுதியிருந்தது. பூஸ்ட் சென்சாரையும் ஆயில் பிரஷர் சென்சாரையும் ஏற்கெனவே புதிதாக மாற்றியாகிவிட்டது. "மூணாவதையும் மாத்திடலாமாண்ணே?" என்று கேட்டார்.

ஸ்கேனரை மாட்டினேன். சீட்டில் இல்லாத நான்காவது வரி ஒன்று அதில் இருந்தது: எஸ்பிஎன் 3509, எஃப்எம்ஐ 4. மூன்று சென்சார் பெயரைப் பார்த்ததும் வாசித்தவர் நிறுத்திவிட்டார் போல. பதில் அந்த நான்காவது வரியில்தான் இருந்தது.

லாரியின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொது முறைக்கு ஜே1939 என்று பெயர். அந்த முறைப்படி வரும் கோடுக்கு இரண்டு பாகம் உண்டு. எஸ்பிஎன் எந்த இடம் என்று சொல்லும், எஃப்எம்ஐ அங்கே என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்லும். எஸ்பிஎன் 100 ஆயில் பிரஷர், 102 பூஸ்ட் பிரஷர், 110 கூலன்ட் வெப்பம், 157 ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் பொதுக் குழாயில் டீசலின் அழுத்தம்). எஃப்எம்ஐ 3 என்றால் வோல்டேஜ் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 5 என்றால் கரன்ட் குறைவு அல்லது வயர் அறுந்திருக்கிறது. பலர் முதல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு அந்தப் பெயருள்ள சென்சாரை வாங்கி வந்துவிடுகிறார்கள்.

இதில் உயிர்நாடியான ஒரு விஷயம் இருக்கிறது. 100க்கு எஃப்எம்ஐ 4 வந்தால் சென்சார், வயர், கனெக்டர் பக்கம் தேட வேண்டும். அதே 100க்கு எஃப்எம்ஐ 1 வந்தால் ஆயில் பிரஷரே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது என்று இசிஎம், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், சொல்கிறது. உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும், மெக்கானிக்கல் கேஜ் மாட்டி உண்மையான அழுத்தத்தைப் பார்க்காமல் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. சீட்டில் இரண்டுக்குமே 'ஆயில் பிரஷர் கோடு' என்று எழுதினால், ஒருவர் நல்ல சென்சாரைத் தூக்கி எறிவார், இன்னொருவர் பேரிங் தேய்ந்து கிராங்க் பிடித்துக்கொள்ளும் வரை ஓட்டுவார். வண்டியை எடுத்து வரும் ஓட்டுநர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: இரண்டு எண்ணையும் எழுதி வாங்குங்கள், அழிப்பதற்கு முன்னால் வாங்குங்கள்.

அந்த லாரிக்கு வருகிறேன். பிரஷர் சென்சார்கள் பலவற்றுக்கு இசிஎம்மிலிருந்து ஒரே 5 வோல்ட் சப்ளை பிரிந்து போகும். சீட்டில் விட்டுப்போன 3509 அந்தச் சப்ளையைத்தான் குறிக்கிறது, எஃப்எம்ஐ 4 என்பதால் அதன் வோல்டேஜ் அளவுக்குக் கீழ். அந்த வயர் எங்கேயாவது எர்த்தைத் தொட்டால், அதை நம்பியிருக்கும் எல்லாச் சென்சாரும் ஒரே நேரத்தில் விழும். சம்பந்தமில்லாத சென்சார்கள் கூட்டாகக் கெட்டதுபோல் தெரிந்தால் முதல் சந்தேகம் பொது சப்ளை மேலும் பொது எர்த் மேலும்தான் வர வேண்டும். சாவியைப் போட்டு, பூஸ்ட் சென்சார் கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைத்தேன். 5 வோல்ட் இருக்க வேண்டிய பின்னில் 1 வோல்ட்கூட இல்லை. அடுத்து மற்றச் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். ஏதாவது ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் அதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்ப வந்துவிடும். எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை. அப்படியென்றால் சென்சார்கள் மேல் தப்பில்லை, அடுத்த சந்தேகம் வயரிங் மேல்தான்.

வயரிங் முழுவதையும் பிரிக்கத் தேவையில்லை. கடைசியாகக் கை எங்கே பட்டதோ அங்கே தேடினால் போதும். ஹெட்டைத் தூக்குவதற்காக ஹார்னஸை (வயர்க் கட்டை) ஓரமாகத் தள்ளியிருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது ஹெட்டுக்குப் பின்னால் ஒரு கிளிப் போடப்படவில்லை, தொங்கிய வயரின் மேலேயே பிராக்கெட்டை வைத்து போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். மேலுறை கிழிந்து செம்பு பிராக்கெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. விளக்கும் கண்ணாடியும் இல்லாமல் அந்த இடம் கண்ணில் படாது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அவசரம்தான்.

ரிப்பேருக்குப் பிறகு வரும் கோடுகளில் பெரும்பாலானவை இப்படிக் கை பட்ட இடத்திலிருந்தே வருகின்றன என்பது என் அனுபவம். டர்போவைத் தொட்ட வண்டியில் பூஸ்ட் குறைவு என்று வந்தால் இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப்பை முதலில் பாருங்கள். கிளட்ச் வேலைக்குப் பிறகு இன்ஜின் ஸ்பீடு கோடு வந்தால் ஃப்ளைவீல் பக்கத்துச் சென்சார் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, அதன் வயர் ஹவுசிங் இடையில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜெக்டர் மாற்றிய பின் ஐடிலிங் உதறினால், இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் திருத்த எண்ணை இசிஎம்மில் ஏற்றினார்களா என்று கேளுங்கள். பல இன்ஜின்களில் அது கட்டாயம். எர்த் பட்டையைக் கழற்றிய வண்டியில் தலைகால் புரியாத கோடுகள் வந்தால், இன்ஜினைச் சுழற்றும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் சரியில்லை. எல்லா யூனிட்டும் 'தொடர்பு இல்லை' என்று அலறினால், சாவியை அணைத்துவிட்டு டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் (ஸ்கேனர் மாட்டும் இடம்) கேன் ஹை, கேன் லோ என்ற இரண்டு தகவல் வயர்களுக்கும் இடையே ஓம் பாருங்கள். இரு முனையிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் சேர்ந்து 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது.

இளம் மெக்கானிக்குகளுக்கு இன்னொன்று. சாவி போட்ட நிலையில் கனெக்டரைக் கழற்றினால் நீங்களே ஒரு கோடை உருவாக்கிவிடுகிறீர்கள். அதனால் ஆக்டிவ் (இப்போதும் இருப்பது) எது, இன்ஆக்டிவ் (முன்பு வந்து போனது) எது என்று பிரித்துப் பாருங்கள், எத்தனை முறை பதிவானது என்பதையும் பாருங்கள். ஒரே ஒரு முறை வந்து இன்ஆக்டிவாக நிற்பது உங்கள் கை வேலையாகவே இருக்கலாம். கோடை அழித்தால் அது விழுந்த நேரத்து வேகம், வெப்பம், லோடு எல்லாம் கூடவே அழிந்துபோகும்.

கூலன்ட் வெப்பச் சென்சார் போன்ற இரண்டு வயர் சென்சாருக்கு எளிய சோதனை உண்டு. கனெக்டரைக் கழற்றினால் எஃப்எம்ஐ 3 வர வேண்டும், கனெக்டரின் இரு பின்னையும் ஒரு சிறு வயரால் இணைத்தால் 4 வர வேண்டும். இரண்டும் மாறி மாறி வந்தால் வயரும் இசிஎம்மும் சரி, சென்சாரைச் சந்தேகிக்கலாம். மூன்று வயர் பிரஷர் சென்சாரில் இதைச் செய்துவிடாதீர்கள், 5 வோல்ட்டை நேராக எர்த்தில் போட்டுவிடுவீர்கள். பின்னுக்குள் தடித்த மீட்டர் முனையைத் திணிக்கவும் வேண்டாம். அப்படி விரிந்துபோன கனெக்டர் பின், வண்டி ஆடும்போது விட்டு விட்டு வேலை செய்யும், அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

புகையைச் சுத்தம் செய்யும் யூரியா திரவத்துக்கு டேங்க் உள்ள வண்டியில் சாவியை அணைத்ததும் பேட்டரியைக் கழற்றாதீர்கள். பம்ப் குழாயில் மிஞ்சிய யூரியாவை டேங்குக்குத் திருப்பி இழுக்கச் சில நிமிடம் ஆகும், பாதியில் நின்றால் உள்ளேயே உப்பாக உறைந்து அடைத்துக்கொள்ளும். ரெயில் பிரஷர் கோடுக்காக இன்ஜின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்தவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவைச் சிகிச்சைக்குப் போகாவிட்டால் விரலோ கையோ போய்விடும்.

பட்டறையில் நிறுத்தி ஐடிலிங்கில் விளக்கு எரியவில்லை என்பதை வைத்து வண்டியை விடுவதில்லை நான். சில கோடுகள் லோடு ஏறினால்தான் விழும். அந்த லாரியின் வயரைச் சரிசெய்து, கிளிப்பைப் போட்டு, கோடுகளை அழித்து, லோடோடு மேடு ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து மறுபடி ஸ்கேனரை மாட்டினேன். பட்டியல் காலி. முன்பு கழற்றிய இரண்டு பழைய சென்சார்களையும் ஓட்டுநர் எறியாமல் கேபினில் வைத்திருந்தார். அவற்றையும் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். இரண்டுமே சரியாக வேலை செய்தன.