கோச்சிங்: நாற்குதிரை வண்டியோட்டம்

19ஆம் நூற்றாண்டு ஓவியக் குறிப்புகளில் ‘கோச்சிங்’ என்று வந்தால் அதைப் ‘பயிற்சி’ என்று தமிழாக்கிவிடக் கூடாது. நான்கு குதிரை பூட்டிய பெரிய வண்டியைப் பணக்காரர்கள் தாங்களே ஓட்டி உலாப்போன பொழுதுபோக்குதான் அங்கே கோச்சிங்.

சொல்லின் வேர் ஹங்கேரியில். வியன்னாவுக்கும் புடாவுக்கும் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) இடைப்பட்ட வழியில் கோச் என்றொரு ஊர். 15ஆம் நூற்றாண்டிலேயே அவ்வூர் வண்டிகளுக்கு நல்ல பெயர். ‘கோச்சி’ என்றால் கோச் ஊரைச் சேர்ந்தது. அது ஜெர்மன், பிரெஞ்சு என்று சுற்றி ஆங்கிலத்தில் ‘கோச்’ ஆனது. இலங்கைத் தமிழர் ரயிலைக் ‘கோச்சி’ என்கிறார்கள்; ஹங்கேரிய உச்சரிப்பே திரும்பி வந்துவிட்டது! மாணவரை வண்டிபோலச் சுமந்து தேர்வு தாண்ட வைக்கும் ஆசிரியரை ஆக்ஸ்ஃபோர்டில் 1830 வாக்கில் கேலியாகக் ‘கோச்’ என்றார்கள். இன்றைய பயிற்சியாளர் அந்த வழி வந்தவர்.

ரயில் வந்து பயணி வண்டிகளை ஒழித்த பிறகு செல்வர்களுக்கு அவற்றின்மேல் ஆசை பிறந்தது. லண்டனில் 1871இலும் நியூயார்க்கில் 1875இலும் கோச்சிங் சங்கங்கள் தொடங்கின. சம்பளத்துக்கு வண்டிக்காரர் இருந்தும் முதலாளியே ஓட்டுவதில்தான் கௌரவம். நான்கு குதிரைகளின் வார்களும் இடக்கையில், சவுக்கு வலக்கையில். விருந்தினர் கூரைமேல் உட்காருவார்கள். உள்ளே உட்கார்ந்தால் ஊர் எப்படிப் பார்க்கும்?

அமெரிக்க ஓவியர் தாமஸ் ஏக்கின்ஸ் 1879–80இல் வரைந்த ஓவியத்தில் இதைக் காணலாம். ஃபிலடெல்ஃபியாவின் ஃபேர்மவுண்ட் பூங்காவில் பொறியாளர் ஃபேர்மன் ராஜர்ஸ் வண்டி ஓட்டுகிறார்; பக்கத்தில் மனைவி. ஓடும் குதிரைகளைப் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் எடுத்த படங்களைப் பார்த்து, மெழுகில் குதிரை உருவங்களும் செய்து, கால்களின் நிலையை ஏக்கின்ஸ் துல்லியமாக வரைந்தார். ஆனால் சக்கரத்தின் ஆரக்கால்கள் மங்கிச் சுழல்கின்றன, குதிரைகளோ உறைந்து நிற்கின்றன. எனக்கு அது உறுத்துகிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘குதிரை வண்டி’ என்றால் வாடகை ஜட்காதான் நினைவுக்கு வரும். ‘சாரட்டு’ வேற்று மொழியிலிருந்து வந்த சொல்தான், ஆனாலும் கல்யாண ஊர்வலம் பார்த்த எவருக்கும் புரியும். வண்டிக்கு அதுவே போதும். பொழுதுபோக்குக்கு ‘நாற்குதிரை வண்டியோட்டம்’ பொருந்தும். ஓட்டுபவருக்குச் சங்கச் சொல்லான ‘வலவன்’ அழகுதான். ஆனால் வலவன் தலைவனுக்காகத் தேர் செலுத்துபவன். இங்கே தலைவரே வாரைப் பிடித்திருக்கிறார். வண்டியோட்டி என்றே எழுதலாம்.