பொருத்தனைக்குப் பின் வரும் சனிக்கிழமை

லெந்து நாட்கள் முழுவதும் மதுவைத் தொடாமல் இருந்துவிட்டு, ஈஸ்டர் அன்று மாலையே மறுபடியும் குடிக்கத் தொடங்குகிறவர்களைக் குடிநோய் ஆலோசகராகப் பணிபுரியும் நான் ஆண்டுதோறும் சந்திக்கிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கண்ணீரோடு பொருத்தனை செய்து, ஜனவரி முடிவதற்குள் மனைவியாலோ தாயாராலோ அழைத்துவரப்படுகிறவர்களும் உண்டு. இவர்களுடைய மனந்திரும்புதல் பொய்யானது என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. பொருத்தனை மெய்யானதுதான், அதற்குப் பின் வருகிற சாதாரண நாட்களுக்கென்று எந்த ஏற்பாடும் செய்யப்படாததே குறை.

“அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்” என்று யாக்கோபு எழுதுகிறார். இந்த இழுப்புக்குப் பெரும்பாலும் ஒரு கிழமையும், ஒரு நேரமும், ஓர் இடமும் இருக்கின்றன. ஆகவே, ஏன் குடிக்கிறீர்கள் என்று விசாரிப்பதற்கு முன்பாகவே, கடைசியாகக் குடித்த சில நாட்களில் மணி என்ன, எந்தத் தெரு, உடன் இருந்தவர் யார், கையில் எவ்வளவு பணம், அதற்கு முன் எப்போது சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். எழுதிய தாளை அவரிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னால், பலர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். திடீரென்று வந்து விழுந்ததாக நினைத்திருந்த சோதனை, வாரந்தோறும் ஒரே வேளையில் வந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரிகிறது.

கொத்தனார் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவர் கையில் வாரக் கூலி வரும். பகல் ஒரு மணிக்குச் சாப்பிட்டதோடு சரி. உடல் அலுப்பு, பசி, சட்டைப்பையில் ரொக்கம். பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் மதுக்கடை. அந்த வழியாக நடந்துகொண்டே “ஆண்டவரே, என்னைக் காத்துக்கொள்ளும்” என்று ஜெபித்ததாக அவர் சொன்னபோது, அந்த ஜெபத்தின் உண்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வேதம் சொல்லும் “தப்பிக்கொள்ளும்படியான போக்கு” கடை வாசலுக்கு வெகுதூரம் முன்னதாகவே திறந்திருந்தது. கூலியை மனைவியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பும்படி மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டார். ஐந்தரை மணிக்கே டீயும் வயிறு நிறைய ஏதாவது பலகாரமும் சாப்பிட்டார். சற்றுச் சுற்றானாலும் வேறு தெரு வழியாகப் பேருந்துக்குப் போனார். ஏழு மணிக்கு ஆலயத்தில் பாடகர் குழுவின் பயிற்சி இருந்தது; பல வருடங்களுக்கு முன் விட்டுப்போன அந்த இடத்தில் மறுபடியும் போய் அமர்ந்தார். யோசேப்பு போத்திபாரின் வீட்டில் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான் என்பதை அவரே எனக்கு நினைவுபடுத்தினார்.

பசியைப் பற்றி நான் அழுத்திச் சொல்வதைச் சிலர் ஆவிக்குரிய காரியத்தைச் சிறுமைப்படுத்துவதாகக் கருதுகிறார்கள். இயேசு 40 நாட்கள் உபவாசமாயிருந்து பசியுண்டான பிறகே சோதனைக்காரன் கல்லையும் அப்பத்தையும் பற்றிப் பேசினான். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டுமென்று கேட்ட எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீருமே, உறக்கமும் கிடைத்தது. பசி, கோபம், தனிமை, அயர்வு ஆகிய நான்கும் மனிதனை எவ்வளவு பலவீனப்படுத்தும் என்பதைப் போதை மீட்புப் பணியில் உள்ள எல்லோரும் அறிவோம்.

தீய வழக்கம் காலி செய்த வேளையை வெறுமையாக விடுவது ஆபத்து. பெருக்கி அலங்கரிக்கப்பட்டும் வெறுமையாயிருந்த வீட்டுக்கு அசுத்த ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்ததை மத்தேயு 12-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தானியேல் தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார். இயேசுவும் ஓய்வுநாளில் ஜெபஆலயத்துக்குப் போனதும் ஒலிவமலைக்குப் போனதும் “வழக்கத்தின்படியே” என்று லூக்கா எழுதுகிறார். இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பழம் சாப்பிடுவது போன்ற எளிய நற்பழக்கம் ஒன்று தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. 21 நாள் உபவாசத்தில் எல்லாம் மாறிவிடும் என்று வாக்களிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரவு குடும்ப ஜெபம் பத்து நிமிடமே ஆனாலும், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு நடந்தால் போதும்.

ஒரு நாள் தவறியவர் “எல்லாம் போயிற்று, நான் பின்மாற்றக்காரன்” என்று முடிவுகட்டி, அந்த வெட்கத்திலேயே ஒரு வாரம் குடிப்பதுதான் நான் அதிகம் காணும் துயரம். நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான் என்று நீதிமொழிகள் சொல்கிறது. விழுந்த அன்றே யாரிடம் சொல்வது என்பதை விழாத நாளிலேயே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும். அவர் கேட்டதைச் சபை முழுவதும் பரப்பாதவராக இருக்க வேண்டும். மூன்று மாதமே குடிக்காமல் இருப்பவரை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்கும் போதகர்களிடம் என் தாழ்மையான வேண்டுகோள்: பொறுத்திருங்கள். மேடையில் நின்றவருக்கு மறுபடியும் தவறினால் உண்மையைச் சொல்வது இரட்டிப்புக் கடினம்.

உயிரைப் பற்றிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தினமும் அதிகமாகக் குடித்துவந்தவர் உபவாச ஜெபத்துக்காகத் திடீரென்று நிறுத்தினால், 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம், மூன்றாம் நாளில் உடல் நடுங்கி, இல்லாத பூச்சிகளும் உருவங்களும் தெரிந்து, இருக்கும் இடமே புரியாமல் போகலாம். அதைப் பேயின் கிரியை என்று எண்ணி அறைக்குள் அடைத்துவைத்து ஜெபிப்பது மரணத்தில் முடியக்கூடும். உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், வழியெல்லாம் ஜெபியுங்கள். நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது இன்னும் நல்லது. மதுவை நிறுத்த உதவி வேண்டுவோர் 14446 என்ற எண்ணையும், மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம். குடிப்பவர் மறுத்தாலும் வீட்டார் அழைத்துப் பேசலாம்.