‘சார், தூங்கிட்டீங்களா?’: ஆசிரியரின் போனும் மாணவரும்

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைப் பற்றி ஆசிரியர்களிடம் பேச வாருங்கள் என்று பள்ளிகளில் கூப்பிடுவார்கள். மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் என்று மதுரையைச் சுற்றி எந்தப் பள்ளிக்குப் போனாலும், பேசி முடித்து டீ குடிக்கும் நேரத்தில் யாராவது ஒரு ஆசிரியர் ஓரமாக வந்து நிற்பார். சட்டப் பிரிவைப் பற்றிக் கேட்க மாட்டார். போனை நீட்டி, “சார், இதுக்கு என்ன பதில் போடுறது?” என்பார். பெரும்பாலும் வாட்ஸ்அப்பாக இருக்கும். இப்போது இன்ஸ்டாகிராமும் வருகிறது. வக்கீலாக நீதிமன்றத்தில் நான் பார்க்கும் சில வழக்குகளும் இப்படி ஒரு சாதாரணக் குறுஞ்செய்தியில்தான் தொடங்கியிருக்கின்றன.

மாணவர்களோடு வாட்ஸ்அப்பே வேண்டாம் என்று சொல்வது சுலபம். நடக்காது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது ஆரம்பித்த வகுப்புக் குரூப்கள் பள்ளி திறந்த பிறகும் அப்படியே இருக்கின்றன. என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி, செய்முறைத் தேர்வு நாள், மழை விடுமுறை எல்லாம் அதில்தான் போகிறது. போகட்டும். நான் ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மாணவரிடம் எதை வேண்டுமானாலும் பேசுங்கள், ஆனால் மூன்றாவது ஒருவர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடத்தில் பேசுங்கள்.

ஏன் என்பதற்கு ஓர் உரையாடல். ஆளும் ஊரும் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். பத்தாம் வகுப்பு மாணவி, கணக்கு ஆசிரியர், இரவு பத்தே முக்கால்.

“சார், தூங்கிட்டீங்களா?”
“இல்லம்மா, சொல்லு.”
“வீட்ல ஒரே சண்டை சார். படிக்கவே முடியல.”
“கவலைப்படாத. நான் இருக்கேன்ல.”
“யார்ட்டயும் சொல்லிராதீங்க சார்.”
“சொல்ல மாட்டேன்மா.”

இதில் ஒரு வார்த்தை தப்பாக இல்லை. அந்த ஆசிரியரும் நல்ல மனிதர்தான். ஆனால் கெட்ட எண்ணத்தோடு ஒரு பிள்ளையை நெருங்குகிறவனின் உரையாடலில் முதல் ஆறு வரிகளும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். அவன் ஆபாசத்தில் ஆரம்பிப்பதில்லை, அக்கறையில் ஆரம்பிப்பான். ராத்திரி நேரம், நீயும் நானும் மட்டும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்ற மூன்றையும் பிள்ளைக்குப் பழக்கிய பிறகுதான் ‘ஒரு போட்டோ அனுப்பேன்’ வரும். நல்ல ஆசிரியர் ஒருவரே பத்தே முக்காலுக்குத் தனியாகப் பேசி ரகசியமும் காத்தால், ஆசிரியர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போல என்று அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்கிறது. நாளைக்கு வேறொருவர் இதே மாதிரி பேசும்போது அதற்குச் சந்தேகமே வராது. தனிச் செய்தியைத் தவிருங்கள் என்று நான் வற்புறுத்த முதல் காரணம் இதுதான். ஆசிரியர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, ஆசிரியரின் பக்கத்தையும் பார்ப்போம். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தைதான். பிளஸ் டூ மாணவர்களில் பெரும்பாலோர் அதற்குள் அடக்கம். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை நேரிலோ மின்னணு வழியாகவோ திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதை 11ஆவது பிரிவு பாலியல் துன்புறுத்தல் என்கிறது. தண்டனை மூன்று ஆண்டுகள் வரை சிறை, அபராதமும் உண்டு. ‘என் மனசுல அப்படி எதுவும் இல்லையே சார்’ என்பார்கள். 30ஆவது பிரிவைப் படித்தால் வியர்த்துவிடும். அந்த மனநிலை இருந்ததாகவே நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு. நள்ளிரவுச் செய்திகளையும் இதய எமோஜியையும் கையில் வைத்துக்கொண்டு அதை நிரூபிப்பது லேசான வேலை இல்லை.

நீதிமன்றம் வரை போகாமலே பிள்ளையின் வாழ்க்கை தடம் மாறிப்போவதும் உண்டு. கிராமங்களில் பல வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட் போன்தான். பகலில் அப்பாவோடு வேலைக்குப் போகும், ராத்திரி பிள்ளை கையில் இருக்கும். ‘மேத்ஸ் சார்’ என்ற பெயரில் பதினோரு மணிக்கு வந்த செய்தியைக் காலையில் தாய்மாமா படிக்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்பது அப்புறம். எத்தனை மணிக்கு வந்தது என்பதே போதும். பெண் பிள்ளையாக இருந்தால் அடுத்த பேச்சு ‘படிச்சது போதும்’ என்பதில் வந்து நிற்கும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தலைமையாசிரியை, இப்படி நின்றுபோன ஒரு பிள்ளையைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவர அந்த வீட்டுக்கு நடையாய் நடந்தார்.

அதனால் குரூப்பை ஒழுங்காக அமைப்பதிலிருந்து தொடங்குவோம். அதை ஆசிரியர் தனியாக ஆரம்பிக்கக் கூடாது. பள்ளி ஆரம்பிக்க வேண்டும். தலைமையாசிரியரும் இன்னொரு ஆசிரியரும் அட்மினாக இருக்கட்டும். சேர்க்க வேண்டியது பெற்றோர் எண்களை. அட்மின் மட்டுமே செய்தி போடும்படி செட்டிங்கை மாற்றிவிட்டால் குட் மார்னிங் பூக்களும் அரசியல் பார்வர்டுகளும் தானாக நின்றுவிடும் (இந்த ஒரு பலனுக்காகவே சிலர் ஒப்புக்கொள்கிறார்கள்). சாதாரணக் குரூப்பில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து ஒரு மாணவியின் எண்ணை எடுத்து எவனோ மிஸ்டு கால் கொடுத்த புகார்கள் என்னிடமே வந்திருக்கின்றன. வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குரூப்பில் உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது, அட்மின்களுக்கு மட்டும் தெரியும். பள்ளிக்கு அதுதான் பொருத்தம். தானாக அழியும் செய்தி வசதி எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

சொந்த எண்ணை மாணவர்களிடம் கொடுப்பதைத் தவிர்க்க முடியாதவர்கள் இரண்டாவது சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொள்ளலாம், இலவசம்தான். ‘மாலை 7 மணிக்கு மேல் பதில் வராது, அவசரமென்றால் பெற்றோர் பள்ளி எண்ணுக்கு அழைக்கவும்’ என்ற தானியங்கிப் பதிலை அதில் வைத்துவிட முடியும். இன்ஸ்டாகிராமில் மாணவர்களைப் பின்தொடராதீர்கள், அவர்கள் கொடுக்கும் ரெக்வெஸ்ட்டையும் ஏற்காதீர்கள். ‘பள்ளியில் யாருக்குமே ஏற்பதில்லைப்பா’ என்று வகுப்பில் பொதுவாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு இருக்காது. பள்ளியை முடித்துப் போன பழைய மாணவர்கள் வேறு விஷயம். அதிலும் 18 முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘நிஜமாகவே ஒரு பிள்ளை கஷ்டத்தில் ராத்திரி மெசேஜ் போட்டால் பார்க்காத மாதிரி இருக்கச் சொல்கிறீர்களா?’ என்று ஒரு தமிழாசிரியை என்னிடம் கோபமாகவே கேட்டார். நியாயமான கோபம். சாகப்போகிறேன் என்ற தொனியிலோ, வீட்டில் யாரோ தொடுகிறார்கள் என்றோ வந்தால் உடனே பதில் போட வேண்டும். பதில் இந்த மாதிரி இருக்கட்டும்: “என்னிடம் சொன்னது நல்லது. உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள இதை ஹெச்.எம். அம்மாவிடமும் இப்போதே சொல்கிறேன். உன் பக்கத்தில் இப்போது யார் இருக்கிறார்கள்?” ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் நிறைவேற்ற முடியாது. அதே இரவில் தலைமையாசிரியரை எழுப்புங்கள். ஆபத்து வீட்டுக்குள் இல்லையென்றால் பெற்றோரையும் அழையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இரவிலும் எடுக்கும். உயிருக்கு ஆபத்தென்றால் 112.

பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால், பள்ளியிலேயே விசாரித்துப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் கொடுத்தாக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். தனக்குக் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை ஒரு நிறுவனத்தின் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். ‘பள்ளிப் பேர் கெட்டுரும்’ என்ற கவலையை இந்த இடத்தில் ஒதுக்கித்தான் வைக்க வேண்டும். அப்புறம், நடந்ததை ஆசிரியர்கள் குரூப்பில் பெயரோடு பார்வர்டு செய்வதும் கூடாது. பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்களில் வெளியிடுவதை 23ஆவது பிரிவு குற்றமாக்குகிறது.

தென் மாவட்டங்களில் வேலை பார்ப்பவர்களிடம் இன்னொன்றையும் பேசியாக வேண்டும்: ஸ்டேட்டஸ். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் மாணவர், நீங்களும் அவர் எண்ணைச் சேமித்திருந்தால், காலை மணி அடிப்பதற்குள் உங்கள் ஸ்டேட்டஸைப் பார்த்துவிடுவார். அதில் சாதி சங்க மாநாட்டு பேனரும் ‘ஆண்ட பரம்பரை’ பாட்டும் இருந்தால் அன்றைக்கு வகுப்பில் ஒரு பாதி உங்களைத் தங்கள் ஆள் என்றும், மறுபாதி அவர்கள் ஆள் என்றும் நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரைச் சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கைக்கயிறுகளுக்கும் நெற்றிக் குறிகளுக்கும் பள்ளியில் இடம் தரக் கூடாது என்று பரிந்துரைத்தது. கயிற்றைக் கழற்றச் சொல்லும் ஆசிரியரின் டிபி அதே கயிற்றின் நிறத்தில் இருந்தால், பையன் ஏன் கழற்றுவான்? உங்கள் சொந்த வாழ்க்கையில் யாரும் தலையிடவில்லை. ஸ்டேட்டஸை யார் பார்க்கலாம் என்ற செட்டிங்கில் மாணவர்களையும் பெற்றோரையும் விலக்கி வையுங்கள், அவ்வளவுதான்.

போட்டோ, ரீல்ஸ் விஷயத்தில் பெரும்பாலான ஆசிரியர்கள் என்னோடு ஒத்துப்போவதில்லை. அரசுப் பள்ளியில் நடக்கும் நல்லதை ஊர் பார்க்கட்டுமே என்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால் முகம், சீருடை, பின்னால் பள்ளிப் பெயர்ப்பலகை, கேப்ஷனில் பிள்ளையின் பெயர் எல்லாம் ஒரே வீடியோவில் இருந்தால், அந்தப் பிள்ளையை எங்கே, எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்பதை முன்பின் தெரியாத ஆளுக்கு நாமே சொல்லிக்கொடுத்த மாதிரிதான். ‘அப்பா இல்லாத பிள்ளை, உதவுங்கள்’ என்று முகத்தோடு வீடியோ போட்டு ஜிபே எண் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பணம் ஒருவேளை வரும். அந்தப் பிள்ளை பிளஸ் டூ முடிக்கும் வரை கூடப் படிப்பவர்களின் போனில் அந்த வீடியோவும் இருக்கும். தத்தித் தத்தி வாசிக்கும் குழந்தையைச் சிரிப்பதற்காகப் படம் பிடித்துப் போடுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. எழுத்தில் வாங்குங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள். பிள்ளை செய்த பொம்மையையோ எழுதிய கரும்பலகையையோ காட்டலாம், ஆடும்போது பின்னாலிருந்து எடுக்கலாம். முகம் இல்லாமலே நல்ல வீடியோக்கள் வருகின்றன.

அடிபடுவது மாணவர்கள் மட்டுமில்லை. பெண் ஆசிரியர்கள் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வீடியோ எடுத்து, ஸூம் செய்து, பாட்டுப் போட்டுச் சுற்ற விடுகிறார்கள். சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போன படத்தை பேஸ்புக்கிலிருந்து எடுத்து அவர் பெயரிலேயே போலிக் கணக்குத் தொடங்குகிறார்கள். பாதிக்கப்பட்ட ஆசிரியர்கள் அந்த நேரத்தில் பதறிப்போய்க் கணக்கை உடனே முடக்க வைத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் அந்தக் கணக்கின் யூசர் நேம், லிங்க், தேதி மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பிறகு ரிப்போர்ட் செய்து, தேசிய சைபர் குற்றத் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். செய்தது மாணவர் என்று தெரிந்தால் அவர் படத்தைப் பொதுவெளியில் போட்டுத் திட்டாதீர்கள். சட்டத்துடன் முரண்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. புகார் கொடுத்த நீங்களே குற்றவாளியாக நிற்க வேண்டி வரும்.

பிரச்சினை வரும்போல் தெரிந்ததும் ஆசிரியர்கள் செய்யும் முதல் காரியம், வாட்ஸ்அப் உரையாடலை அழிப்பது. எதிர்ப் பக்கத்தில் ஸ்கிரீன்ஷாட் பத்திரமாக இருக்கும். அதுவும் உங்களுக்குச் சாதகமான வரிகளை விட்டுவிட்டு எடுத்ததாக இருக்கும். முழு உரையாடலும் உங்களிடம் இருந்தால் அதுதான் உங்கள் பாதுகாப்பு. 1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சான்றிதழோடுதான் தாக்கல் செய்ய முடியும். அதற்கு மூலப் பதிவு இருக்கும் போன் உதவும். எனவே போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், எண்ணைத் தூக்கிப் போடாதீர்கள். சம்பந்தப்பட்ட பிள்ளையையோ வீட்டாரையோ கூப்பிட்டுச் சமாதானம் பேசவும் போகாதீர்கள். மிரட்டியதாகப் புதுப் புகார் வரும்.

இதையெல்லாம் ஆசிரியர்கள் ஆளாளுக்கு முடிவு செய்வதைவிடப் பள்ளியே ஒரு பக்கத் தாளில் எழுதி வைப்பது நல்லது. யார் குரூப் தொடங்கலாம், எத்தனை மணி வரை செய்தி போகலாம், படம் எடுக்க யாரிடம் சம்மதம் வாங்க வேண்டும், அவசரத்தில் யாரை எழுப்ப வேண்டும் என்ற நான்கும் இருந்தாலே போதும். 2021இல் இணையவழி வகுப்புகளுக்காக அரசு விதிமுறைகள் வெளியிட்டபோது, மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு உங்கள் பள்ளியில் பேப்பரில் மட்டும் இருந்தால், உட்கார வைத்து இந்தத் தாளை எழுத வையுங்கள். ஜூனில் நடக்கும் முதல் பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்டி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, மாணவர்கள் புகார் எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டிக்கு மேலேயே ஒட்டிவிடலாம். அடியில் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் கடைசி பெஞ்சிலிருந்து வாசிக்கிற அளவுக்குப் பெரிதாக அச்சடியுங்கள்.