காந்தம் ஒட்டும் எவர்சில்வர்

காரைக்குடியில் அப்பத்தா வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு பழைய எவர்சில்வர் தூக்குவாளி இருக்கிறது. கல்யாணச் சீரில் வந்தது. தோளில் வீட்டு விலாச எழுத்துகள் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். போன மாதம் அதில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தேன். அடிப்பாகத்தின் நடுவில் ஒட்டவே இல்லை. விளிம்பருகே லேசாகப் பற்றிக்கொண்டது.

"காந்தம் ஒட்டுகிறதே, அப்படியானால் மட்டமான சரக்கா?" என்றார் அப்பத்தா. முகம் வாடிவிட்டது.

இல்லை. பாத்திரத்துக்குப் பேர்போன 304 ரகத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். துருவைத் தடுப்பது குரோமியம் போர்த்தும் மெல்லிய ஆக்சைடு படலம். வலிமையின் கதை வேறு; காந்தம் ஒட்டுவதற்கான விடையும் அதில்தான் இருக்கிறது.

ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள 304 கம்பியில் எடை தொங்கவிடுவதாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 21 கிலோவிலேயே அது நிரந்தரமாக நீளத் தொடங்கலாம். ஆனால் அறாது. சுமார் 52 கிலோ வரையாவது தாங்க வேண்டும் என்பது தர விதி. பொறியாளர்களின் அலகில் சொன்னால் 515 மெகாபாஸ்கல். இதுதான் இழுவலிமை. நீள நீளக் கம்பி மெலியத்தானே செய்யும், பிறகு எப்படி அதிக எடையைத் தாங்குகிறது?

முகப்பில் விரித்த பெரிய ஜமக்காளத்தை முழுதாக இழுப்பது சிரமம். ஒரு சுருக்கத்தை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் எளிதாக நகரும். உலோகமும் இப்படித்தான் நெளிகிறது: அணு வரிசைகளில் உள்ள பிசகுகள் நகர்கின்றன. நாலாபுறமும் சுருக்கங்கள் வந்து முட்டிக்கொண்டால்? எதுவும் அசையாது. உலோகம் முறுக்கேறிவிடும்.

எவர்சில்வரில் இன்னொன்றும் நடக்கிறது. காந்தம் ஒட்டாத ஆஸ்டெனைட் என்ற அணு அடுக்கு, இழுபடும்போது ஆங்காங்கே மார்ட்டென்சைட்டாக மாறுகிறது. இது கடினமானது, காந்தமும் ஒட்டும். 301 என்ற இன்னொரு எவர்சில்வர் ரகத்தின் தகட்டைச் சூடாக்காமல் உருட்டி உருட்டியே 1275 மெகாபாஸ்கலுக்குக் கொண்டுபோகிறார்கள். அதே கம்பிக் கணக்கில் 130 கிலோ!

தட்டையான தகட்டை அச்சில் அழுத்தித் தூக்குவாளியாக்கும்போது அடியின் நடுப்பகுதி அதிகம் இழுபடுவதில்லை. விளிம்புப் பக்கம்தான் படாத பாடு படுகிறது. காந்தம் காட்டிக்கொடுத்தது அந்தப் பாட்டை.

காந்தம் ஒட்டாவிட்டால் உயர்ந்த ரகம் என்றும் நம்பிவிட வேண்டாம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு ரகங்களிலும் அது ஒட்டாது.

தூக்குவாளி ஒருமுறை கிணற்றடியில் விழுந்ததாம். நசுங்கியது அடிப்பாகம்தான், விளிம்பு அப்படியே இருக்கிறது. சுருட்டி மடித்திருப்பதும் அதற்கொரு காரணம் என்றேன். அப்பத்தா அதற்குள் வாளியைத் துடைத்து அடுக்கில் கவிழ்த்துவிட்டார்.